கார் நனைந்தது, கப்பல் வரவில்லை

இந்தத் தீவில், எங்கள் புரோத்ராபூர் சந்தில் வண்டி வைத்திருப்பவர் எவரும் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை. கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வரும்; சில வாரங்களில் அந்த வழக்கமும் தவறும். வருகிற தண்ணீர் டிரம்மில் நிறைந்து, சமையலுக்கும் குளியலுக்கும் பூசைக்கும் பிரிந்து தீர்ந்துவிடும். வண்டி கழுவுவது மேகத்தின் வேலை என்று விட்டுவிட்டோம்.

குன்றின் மேல் கறுத்துவிட்டால் தகரக் கொட்டகைகளிலிருந்து வண்டிகள் வெளியே வந்து நிற்கும். முதல் மழை சேற்றையும் கடற்காற்றின் உப்பையும் ஊற வைக்கும். அது சற்றே ஓய்ந்ததும் சோப்பு நுரையைப் பூசித் தேய்த்துவிட வேண்டும். இரண்டாவது மழை வந்து அலசும். சில நாள் அது வராமலே போய்விடும். அப்போது நுரை காய்ந்து, அடுத்த மழைவரை திருநீறு பூசிய வண்டியோடு ஊரில் திரிய வேண்டியதுதான்.

எதிர்வீட்டில் ஒரு பாய் இருக்கிறார். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம். பஜாரில் பாத்திரக் கடை. ஒவ்வொரு மழைக்கும் அவருடைய சரக்கு வேனும் என்னுடைய பழைய காரும் எதிரெதிரே நிற்கும். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்ப்பார். நான் பதிகம் ஒன்றை முணுமுணுத்தபடி தேய்ப்பேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பெரிய இன்பங்களுள் ஒன்று அது என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இறைவன் தானே நீர் வார்த்துக் கொடுக்க, நாம் கையை மட்டும் அசைக்கிறோம். அதைவிட எளிய தொண்டு உண்டா?

என் அண்ணன் கப்பலேறிப் போகவேண்டிய வேறொரு தீவில், ஹட் பேயில், தனியாக வாழ்கிறார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டம் மூடப்பட்ட பிறகும், அண்ணி காலமான பிறகும் அந்தத் தீவை விட்டு அவர் நகரவில்லை. நாங்கள் இருவரும் ஒரே ஆசிரியரிடம் பதிகம் படித்தவர்கள். எனக்குப் பாட்டு மறக்காது. அவருக்கு மூச்சு குறையாது. இப்போது மாலையில் சுவாமி முன் உட்கார்ந்தால் மூன்றாவது அடியிலேயே என் மூச்சு அறுந்துவிடுகிறது. எடுத்துக் கொடுக்க நினைவு இருக்கிறது, ஏந்திக்கொள்ளக் குரல் இல்லை. எஞ்சிய காலத்தையாவது ஒரே கூரையின் கீழ் பாடிக் கழிப்போம் என்று ஆண்டுதோறும் அவரை அழைத்துக்கொண்டே இருந்தேன். சென்ற சித்திரையில்தான் இசைந்தார்.

"சரிடா, வர்றேன். ஆனா பாதிப் பாட்டுல என்னை விட்டுட்டு நீ மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா, அடுத்த கப்பல்லயே திரும்பிடுவேன்."

"நீங்க வந்தா மூச்சும் வந்துரும் அண்ணே," என்றேன்.

அவர் கப்பலேற வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், என் மனைவி காரைச் சுற்றி வந்து பார்த்தாள். எங்கள் பக்கம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செம்மண் புழுதி இருக்கை வரைக்கும் ஏறியிருந்தது. மேலே மின்னி பே கடற்காற்றின் உப்பு.

"உங்க அண்ணன் வெள்ளை வேட்டிக்காரர். இதுல ஏறி உட்கார்ந்தா காவி கட்டின சாமியாராத்தான் இறங்குவார்," என்றாள்.

"ஒரு வாளி தண்ணி குடு, துடைச்சிடறேன்."

"இருக்கிறது ஒரு டிரம். அது வர்றவர் குளிக்க. வாளியைத் தொட்டீங்கன்னா பாருங்க."

வானத்தில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை. எனக்கோ அந்தக் காரில்தான் அண்ணனை ஏற்றிவர வேண்டும், அதுவும் மாசில்லாமல். சுவாமி முன் அமர்ந்து மேகராகக்குறிஞ்சிப் பண்ணில் ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். மழை வேண்டுவோர் பாடும் பண் அது. ஏரி வற்றியபோதும் பயிர் கருகியபோதும் ஊர் கூடிப் பாடிய பண்ணை ஒரு காருக்காகப் பாடுகிறோமே என்று உள்ளூர உறுத்தியது. ஆயினும் நிறுத்தவில்லை. மூச்சு அறுந்த இடங்களில் இளைப்பாறி, மறுபடி எடுத்துப் பாடினேன்.

கடைசிப் பாட்டை எட்டுமுன் கூரைத் தகரம் சடசடத்தது. எதிரிலிருந்து பாயின் குரல்.

"ஐயா! பாட்டை முடிச்சுக்குங்க, மழை வந்திருச்சு! சோப்பை எடுத்துக்கிட்டு ஓடி வாங்க!"

மனைவி குடையோடு வாசலில் நின்று, இங்கே விட்டீர்கள், அங்கே விட்டீர்கள் என்று விரலை நீட்டிக்கொண்டிருந்தாள். காருக்குள் கிடந்த மிதியடிகளைச் செம்பருத்தி வேலியில் தொங்கவிட்டேன். மழை ஓய்ந்தது, நுரை பூசினோம். சொல்லிவைத்தாற்போல் இரண்டாவது மழை இறங்கி அலசியது. புழுதியின் கீழே இருந்த நீல நிறத்தை நானே மறந்திருந்தேன்.

"உங்க ஆளு டயத்துக்குக் கரெக்டா வர்றாரு ஐயா," என்றார் பாய்.

"எனக்கு வேற ஆளு, உங்களுக்கு வேற ஆளா பாய்? உங்க வேனும்தானே பளபளக்குது?"

அவர் சிரித்தார். பிறகு மூன்றாவது மழை வந்தது. அதன்பின் இடைவெளியே இல்லை. காற்று திசை மாறி வேலியைச் சாய்த்தது. பாய் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த துணியைப் பிழியாமலே நின்றார்.

"அரே… இது வண்டி கழுவுற மழை இல்லையே ஐயா. நாளைக்குக் கப்பல் உண்டான்னு கேட்டுக்குங்க."

அன்று மாலையே அண்ணனின் தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. மறுநாள் அந்த மழையிலேயே, கழுவிய காரை ஓட்டிக்கொண்டு கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போனேன். முன்னிருக்கையில் மனைவி ஒரு வெள்ளைத் துண்டை விரித்திருந்தாள். கவுண்டரில் இருந்தவர் தலையை உயர்த்தாமலே சொன்னார்: "மௌசம் கராப். ஹட் பே ஷிப் பந்த்." வானிலை சரியில்லை, கப்பல் இல்லை. துண்டை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

கடல் அடங்கிய பிறகுதான் அண்ணனின் குரல் கிடைத்தது.

"பெட்டியைப் பிரிச்சுட்டேன்டா."

"ஏன் அண்ணே? அடுத்த கப்பல் இருக்கே."

"இல்லடா. கிளம்பறதுக்கு முன்னாடி சாமிகிட்ட ஒண்ணு கேட்டேன். இந்த இடத்தை விட்டு நான் போகக்கூடாதுன்னா ஒரு மழையைக் காட்டுன்னேன். காட்டிட்டான். ஜெட்டில பெட்டி மேல உட்கார்ந்து நல்லா நனைஞ்சேன். உத்தரவு வந்தாச்சு, வீட்டுக்கு வந்துட்டேன்."

நான் சொன்னேன்: "அண்ணே, அந்த மழை நான் கேட்டது. நீங்க வர்றீங்கன்னு கார் கழுவக் கேட்டேன். பதிகம் பாடிக் கேட்டேன்."

"எதுக்கு?"

"கார் கழுவ."

நெடுநேரம் சிரித்தார். இருமிக்கொண்டே சிரித்தார். "காருக்குப் போயாடா அந்தப் பண்ணைப் பாடினே? சரி போ. ஒரே மழையில ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிட்டான். உனக்குக் கார், எனக்கு வீடு."

"அப்ப அது உத்தரவு இல்லையே அண்ணே! வாங்களேன்."

"நீ கேட்டதால வந்துச்சா, நான் கேட்டதால வந்துச்சான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. திருமுன் நின்று கேட்டது இருவரும். பொய்யாகக் கேட்டவர் எவருமில்லை. நான் மட்டும் அன்று வாய் திறவாமல் இருந்திருந்தால், அல்லது புழுதிக் காரோடு போய் நின்றிருந்தால் என்று மனம் ஓயாமல் அரற்றுகிறது. மழைக்காலம் முழுதும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் உறுதியாக இருக்கிறார். அவர் மனத்தைக் கரைக்க எந்தப் பண்ணில் பாடுவதென்று நான் படித்த ஏட்டில் இல்லை.

இப்போதும் மேகம் கறுத்தால் பாய் குரல் கொடுக்கிறார். காரை வெளியே விடுகிறேன், நுரை பூசித் தேய்க்கிறேன், ஆனால் பாடுவதில்லை. பாயும் ஏனென்று கேட்பதில்லை.

மாலையில் தொலைபேசியைச் சுவாமி முன் சாய்த்து வைத்துவிட்டுத் தொடங்குவேன். மூன்றாவது அடியில் என் மூச்சு அறும். அண்ணன் எடுத்துக்கொள்வார், ஆனால் அவர் குரல் கடலைக் கடந்து சற்றுத் தாமதித்தே வந்து சேரும். அதற்குள் எனக்கு மூச்சு திரும்பி நான் பாடத் தொடங்கியிருப்பேன். இரண்டு குரல்களும் முட்டிக்கொள்ளும். இருவருமே நிறுத்திவிடுவோம்.

"அங்க மழையா?" என்பார்.

"ஆமா அண்ணே."

"வண்டி சுத்தமா இருக்கா?"

"சுத்தமாத்தான் இருக்கு அண்ணே."