அப்பா பெயர் காலி

டேட்டாபேஸுக்குக் கூட்டத் தெரியும், எண்ணத் தெரியும், அகர வரிசையில் அடுக்கத் தெரியும். ஆனால் நம்மூர் வழக்கப்படி பெயருக்கு முன்னால் இனிஷியல் போடத் தெரியாது. அப்படித் தெரியாத வேலைக்கு நாமே ஜாவா மொழியில் ஃபங்ஷன் என்ற சின்ன நிரல் ஒன்றை எழுதி, 'இந்தப் பெயரில் கூப்பிட்டால் இதைச் செய்' என்று டேட்டாபேஸில் பதிந்து வைக்க வேண்டும். புதுக்கோட்டையில் நான் சேர்ந்த சின்னக் கம்பெனியில் எனக்குத் தந்த முதல் வேலையே அதுதான். ஒரு கல்லூரிக்கு அடையாள அட்டை அடிக்க வேண்டும். அப்பா பெயரைக் கொடுத்தால் அதன் முதல் எழுத்தைத் தர வேண்டும். பத்தே வரி. 'அப்பா எழுத்து' என்று பெயர் வைத்துப் பதிந்து, ஓடவிட்டு, பெரிய சாதனை செய்தவள் மாதிரி டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழை. பதினோரு மாணவர்களுக்கு அப்பா பெயர் காலி. இல்லாத பெயருக்கு முதல் எழுத்து ஏது? மொத்த வேலையும் படுத்துவிட்டது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அந்தப் பதினோரு பேர மட்டும் எடுத்துருங்கம்மா. பெறகு பாத்துக்கலாம்."

"திங்கக்கெழம பரீட்ச சார். கார்டு இல்லாம ஹாலுக்குள்ள விடமாட்டாங்க."

"சரி, மத்தியானத்துக்குள்ள முடியுமா பாருங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். 'பெறகு' என்பது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பதினோரு பேரையும் திரையில் எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் அம்மா பெயர் இருந்தது.

அப்போதுதான் காது சூடாயிற்று. நான் பிறக்கும் முன்பே அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார். என் இனிஷியல் அம்மா பெயரின் முதல் எழுத்து. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அதை ஏற்ற, கீரனூரில் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு நாலு தடவை நடையாய் நடந்தவள் அவள். அவள் வளர்த்த நான் எழுதிய ஃபங்ஷன், அப்பா இல்லையென்றால் அப்படியே விழுந்துவிடுகிறது. வெட்கமாக இருந்தது.

இரண்டு பெயரையும் வாங்கி, அப்பா பெயர் காலியானால் அம்மா பெயரை எடுக்கும்படி மாற்றினேன். ஓட்டினேன். அதே பிழை. கம்ப்யூட்டரைத் திட்டினேன், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பிறகுதான் உறைத்தது. நான் மாற்றி எழுதியது டேட்டாபேஸுக்கு எப்படித் தெரியும்? அது இன்னும் பழையதைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பழையதை நீக்கிவிட்டு, புதியதை 'இனிஷியல்' என்று பதிந்து, அந்தப் பெயரிலேயே கூப்பிட்டேன். பதினோரு பேரும் வந்தார்கள்!

"பேரையும் மாத்திட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

"மொதத் தப்பே அந்தப் பேருதான் சார்."

சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே கீரனூர் வந்து, நேரே கடைக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளைகளுக்குக் கார்டு போயிருச்சா?"

"போயிருச்சும்மா. மத்தியானமே அடிச்சுக் குடுத்துட்டோம்."

அதற்குப் பிறகுதான் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு தடவ கடையப் பூட்டிட்டுப் போயி வாங்கிக் குடுத்த எழுத்துடி. ஒனக்கே ஞாபகம் வரலயா?"