மேகத்துக்காக வருந்துகிறவர்

மேகம் விலகப்போவதில்லை என்பது உறுதியானதும் அருண்பாண்டி தொண்டையைக் கனைத்துக்கொள்வார். தலையில் சுற்றியிருக்கும் மப்ளரை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார். பிறகு, கொழுக்குமலை உச்சியில் நடுங்கிக்கொண்டு, வராத சூரியனைத் தேடி நிற்கும் பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் போய்க் கைகட்டி நிற்பார்.

"ழ ரெக்ரெத் க லே நுவாழ் சுவா ரெஸ்தே."

மேகங்கள் போகாமல் தங்கிவிட்டதற்கு வருந்துகிறேன் என்று அர்த்தம். கேட்பவர்கள் முதலில் திகைப்பார்கள். சூரியநெல்லியிலிருந்து இருட்டில் புறப்பட்டு, உடம்பில் உள்ள எலும்புகளையெல்லாம் இடம் மாற்றிக் கொண்டுவந்து சேர்த்த ஜீப் டிரைவரா இப்படிப் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர் விடமாட்டார். அவர்கள் இவ்வளவு தூரம் ஏறி வந்ததற்கும் வருந்துவார், காத்திருந்ததற்கும் வருந்துவார். கடைசியில் அவர்கள்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜீப் ஸ்டாண்டில் இதைப் பற்றிக் கேலிக்குக் குறைவில்லை. "மேகம் செஞ்ச தப்புக்கு மன்னிப்புக் கேக்குற ஒரே ஆளு நம்ம அருண்தாம்யா. மழைக்கு யாரு ஜாமீன் எடுக்கா?" என்பார் அடுத்த வண்டி டிரைவர் சுவக்கீன். அருண்பாண்டி கோபித்துக்கொள்ள மாட்டார். முறை வரும்வரை ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துப் பிரெஞ்சுப் பாடம் கேட்டுக்கொண்டிருப்பார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தொடங்கினார். நலம் விசாரிப்பதும் வளைவில் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் போதும் என்று நினைத்தவர், எங்கேயோ தடம் மாறி இலக்கணத்துக்குள் போய்விட்டார். அதிலும் அவரைப் பிடித்துக்கொண்டது, முடிந்துபோன ஒன்றைப் பற்றி மனசில் தோன்றுவதைச் சொல்லும் அந்த ஒரே வினைவடிவம்.

அதை எனக்கு விளக்கியதும் ஸ்டாண்டில்தான். நான் சின்னக்கானலில் இருப்பவன். மாதம் ஒருமுறையாவது அவர் வண்டியில் முன்சீட்டில் தொற்றிக்கொள்பவன்.

"ஒண்ணுமில்ல சார். நம்ம ஜீப்பு மாதிரிதான். முன்னால ஒரு டிரைவர், பின்னால ஒரு கிளீனர். அவுவார், இல்லேன்னா ஏத்ர்னு ரெண்டு தொணவினை. இவுக ரெண்டு பேருல ஒருத்தர்தான் டிரைவர். ஏறுதது, எறங்குதது, போறது, தங்குதது இதுக்கெல்லாம் ஏத்ர் வருவாரு. பாக்கி முக்காவாசிக்கும் அவுவார்தான். யார் செஞ்சாகங்கிறத வச்சு டிரைவர் ஆளு மாறுவாரு. நான்னா ஏ, நீங்கன்னா ஏயே. ஏத்ர்னா சுவா, சுவாயே."

"கிளீனர்?"

"என்ன வேலை நடந்து முடிஞ்சதுன்னு சொல்ற சொல்லுதான் கிளீனர். அவன் ஒழுங்கான பய. பேசுறது பர்லே, அது பர்லேன்னே நிக்கும். முடிக்கிறது ஃபினி. காத்துக்கிட்டு நிக்கிறது அதான்தூ. ஏ, இ, உ. மூணே முடிவு, ஒழுங்கான வினைக்கு வேற தொந்தரவு கெடையாது. டிரைவர் ஏத்ரா இருந்தா மட்டும், வந்தது பொம்பளையா கூட்டமான்னு பாத்து எழுத்துல வாலு ஒண்ணு ஒட்டிக்கிடுவான். காதுல கேக்காது."

எப்போது இதைச் சொல்வது என்று கேட்டேன். அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"மேகம் தங்கிருச்சுன்னு சும்மா சேதியாச் சொன்னா இது வேண்டாம் சார். தங்கிருச்சேன்னு மனசு அடிச்சுக்கிட்டா வேணும். சந்தோசப்பட்டாலும் இதேதான். ஒங்களுக்குத் தேத்தண்ணி பிடிச்சதுல எனக்குச் சந்தோசம்னா, ழ சுயி கோந்தான் க வூஸெயே எமே ல தே. ஆனா சந்தோசப்பட நமக்கு எங்க சந்தர்ப்பம் வருது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

அருண்பாண்டியின் வீடு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கிறது. லயத்து வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது எஸ்டேட் வேலையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவருடைய அம்மா சின்னத்தாய் கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, அடுத்து யார் பெயரைக் கொடுப்பது என்ற கேள்வி வந்தது. அப்போதுதான் ஜீப் வாங்கியிருந்தார் அருண்பாண்டி. அதனால் பெயர் கொடுத்தவர் மனைவி ராமலட்சுமி. தேனிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே டீச்சர் டிரெயினிங் முடித்தவர். சொந்தமாக ஒரு வீடு கட்டும்வரைதான் என்று பேச்சு. வீடு எழும்பவில்லை. கையில் சாக்பீஸ் பிடிக்க வேண்டியவர் கத்திரி பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டே இருந்தார்.

போன வருஷம் மூணாறில் தமிழ் டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. ராமலட்சுமியின் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கிடைத்தால், எஸ்டேட்டில் தன் பெயரைக் கொடுத்துவிட்டுத் தேயிலைக்கு மருந்தடிக்கப் போவதாக அருண்பாண்டி ஒப்புக்கொண்டிருந்தார். ஜீப்பை விற்றுவிடலாம் என்றும் அவரே சொன்னார். இன்டர்வியூ அன்று பஸ்ஸில் போகவிருந்த மனைவியைத் தடுத்தவரும் அவர்தான்.

"பஸ்ஸுல போனா பொடவ கசங்கிரும், வெயிட் பண்ணு, சன்ரைஸ் டிரிப்ப எறக்கிட்டு நானே கொண்டுபோயி விடுதேன்னேன் சார்" என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்.

அன்று மேலே ஒரு பிரெஞ்சுக் குடும்பம். மேகம் மூடிக் கிடந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றார். அவர் பிரெஞ்சைக் கேட்டு அசந்துபோய், எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தார்கள். அவர் சொன்னார். மலையைப் பற்றிச் சொன்னார், தேயிலையைப் பற்றிச் சொன்னார். நடுநடுவே மேகத்துக்காக வருந்தினார். உச்சியில் போனுக்கு டவர் கிடையாது. கீழே, பட்டுப்புடவை கட்டி, சர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு, லயத்து முக்கில் ராமலட்சுமி நின்றுகொண்டிருந்தார். எட்டு மணி பஸ் அவரைத் தாண்டிப் போனது. டிரைவர் நிறுத்திக் கேட்டும், 'எங்க வீட்டு வண்டி வருது' என்று அனுப்பிவிட்டாராம்.

அருண்பாண்டி வந்து சேர்ந்தபோது முக்கில் ஆள் இல்லை. புடவை கொடியில் கிடந்தது. அரை நாள் கூலிக்காவது பேர் விழட்டும் என்று ராமலட்சுமி வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

"அவ ஒரு சொல்லு சொல்லல சார். திட்டியிருந்தா ஆறியிருக்கும். மேகத்துக்காக நின்னேனா, இல்ல இந்த ஜீப்ப விட மனசில்லாம நின்னேனான்னு எனக்கே தெரியல. அதான் கொல்லுது."

"அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"பிரெஞ்சுல சொன்னேன். அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு முன்னால. ழ ரெக்ரெத் க தியூ ஏ அதான்தூ. நீ காத்துக்கிட்டு நின்னதுக்கு வருத்தப்படுதேன்னு. வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. தமிழ்ல சொல்லுங்கன்னா."

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்களிடம் பிழையில்லாமல் வருந்தத் தெரிந்த மனிதருக்கு, ஒரே அடுப்பில் சோறு தின்பவரிடம் நாலு சொல் வரவில்லை. நம் வீடுகளில் இது அதிசயமும் இல்லை. என் அப்பா என் அம்மாவிடம் வருத்தம் தெரிவித்து நான் பார்த்ததே கிடையாது.

சென்ற வாரம் அவருடன் மலையேறினேன். பின்சீட்டில் வயதான பிரெஞ்சுத் தம்பதி. வழக்கம்போல மேகம், வழக்கம்போல மப்ளர் அவிழ்ந்தது. "ழ ரெக்ரெத் க வூஸெயே அதான்தூ" என்று அவர் சொன்னபோது அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

இறங்கும் வழியில் ரோட்டோரம் பெண்கள் கொழுந்து எடை போட நின்றிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் ராமலட்சுமி இறங்கி வந்தார். புடவைக்கு மேல் அருண்பாண்டியின் பழைய சட்டை. இடுப்பில் பிளாஸ்டிக் தாள்.

"வாங்கண்ணே, சூரியன் வந்துச்சா?" என்று என்னைக் கேட்டுவிட்டு டிரைவர் பக்கத்துக் கதவில் கையை வைத்துக்கொண்டார்.

யார் என்று பிரெஞ்சு அம்மாள் கேட்டார். மனைவி என்றார் இவர். அந்த அம்மாள் முகம் மலர்ந்து ராமலட்சுமியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுதாங்க?"

"ஒன் வீட்டுக்காரன் நல்லாப் பேசுறான்னு சொல்லுதாங்க."

"என்ன பேசுனீங்களாம்?"

அருண்பாண்டி ஸ்டியரிங்கைப் பார்த்தார். "காத்துக்கிட்டு நின்னாங்கல்லா... அதுக்கு வருத்தம் சொன்னேன்."

"ஓ" என்றார் ராமலட்சுமி. கையை எடுக்கவில்லை. எடை போடும் இடத்திலிருந்து சூப்பர்வைசர் அவர் பெயரைக் கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை. என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சொல்லிவிடய்யா என்று என் மனசு கிடந்து துடித்தது.

"லெச்சுமி."

"சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கேஸ் சிலிண்டர் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

ராமலட்சுமி கையை எடுத்தார். கதவில் கை இருந்த இடத்தில் கொழுந்துக் கறை பச்சையாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்தார். மேலே போட்டிருந்த பழைய சட்டையின் நுனியை இழுத்து, ஒரு தடமும் இல்லாமல் அதை அழுத்தித் துடைத்துவிட்டு மேடேறிப் போனார்.