பொருந்தாத சக்கரமும் சீனிச்சாமி மாஸ்டரும்

பரவைச் சந்தையில் கத்தரிக்காய் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். கமிஷன் கடை முத்தையா தராசை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, டிராயிங் மாஸ்டர் காலையில போயிட்டாராம்ண்ணே."

"எங்கய்யா போனாரு? போன வாரங்கூட எங்கிட்ட வம்பிழுத்துட்டுத்தான போனாரு!" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சீனிச்சாமி மாஸ்டர் மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் சொல்லிக்கொடுத்தவர். பிழைப்பு அது. உயிர் இருந்தது போனோகிராப் பெட்டிகளில். இப்போது காப்பிக் கடைதோறும் இசைத்தட்டு வைத்து அலறவிடுகிறார்களே, அந்தக் கிராமபோனைச் சொல்லவில்லை. இது அதற்கு முந்தியது. டம்ளர் அளவு மெழுகு உருளையைச் செருகிச் சாவி கொடுத்தால், ஊசி அதன் மேல் நகர்ந்து குழாய் வழியாகப் பாடும். நாம் குழாய்க்குள் பேசினால் அதையும் உருளையில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. விளாங்குடியில் நெல்லும் காய்கறியும் போடுகிறவனுக்கு எதற்கு இது என்று என் வீட்டில் கேட்காத நாள் இல்லை. மாஸ்டரை நான் முதலில் பார்த்தது பழைய சாமான் கடை ஒன்றில். ஒரே பெட்டிக்கு இரண்டு பேரும் கை நீட்டினோம். அவர் சிரித்துக்கொண்டே, "பெட்டிய நீங்க எடுத்துக்கங்க மாப்ள. அடியில இருக்கிற திருகாணிய மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே தெருவில் மண்டியிட்டு, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாகப் படம் வரைந்துகொண்டார். போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவருக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை.

ஒரே பெயரில் ஒரே கம்பெனி செய்த பெட்டிகளே ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும். ஒன்றின் மூடி வளைந்திருக்கும், இன்னொன்றின் மூடி தட்டையாக இருக்கும். ஒன்றில் மூன்று திருகாணி, இன்னொன்றில் நான்கு. ஏன் மாற்றினார்கள், எது முந்தி, எது பிந்தி என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. "ஒரே தட்டுல ஊத்துன இட்லியே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, இது மட்டும் எப்பிடிய்யா இருக்கும்?" என்பார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் கூடுவோம். முத்தையாவும் வருவார். பாய் விரித்து, பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மிச்சமுள்ள பாகத்தை இல்லாதவருக்குக் கொடுப்பது வழக்கம். அந்த நாளில் எங்களுக்கு ஒரு கர்வம் இருந்தது. கம்பெனி விளம்பரப் படத்தில் உள்ளபடி எல்லாப் பாகமும் இருந்தால் அது கலப்பில்லாத பெட்டி, அதற்குத்தான் மரியாதை. மாஸ்டர் இதில் மகா கறார். அந்நியப் பாகம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் உச்சுக்கொட்டுவார். அடுத்த நிமிடம் திருப்புளியைக் கையில் எடுத்திருப்பார்.

இப்படியிருந்தபோதுதான் சோழவந்தானிலிருந்து பேச்சியம்மாள் வந்தார். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அவருடைய அப்பா, ஊரைவிட்டுப் போன ஒரு துரை வீட்டு ஏலத்தில் பெட்டி ஒன்றை எடுத்து, ஆசையாக ஒரு உருளையில் தானே பேசி வைத்திருந்தார். சில மாதங்களில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். பெட்டியின் சுருள்வில்லும் அறுந்துபோயிற்று. அதன்பிறகு அந்த உருளையை யாரும் கேட்கவில்லை. அப்பா சாகும்போது வயிற்றில் இருந்த தம்பி தவசி இப்போது பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். வெள்ளிக்கிழமை ரயில். "சண்டைக்குப் போற பிள்ள மாஸ்டர். ஒரு தடவ அப்பா குரலக் கேட்டுட்டுப் போகட்டும்" என்றார் அந்த அம்மாள்.

சுருள்வில்லை மாற்றுவது மாஸ்டருக்கு ஒரு பொழுது வேலை. ஆனால் உள்ளே பார்த்தவர் உச்சுக்கொட்டினார். பெட்டி பழைய மாதிரி. ஊசியை நகர்த்தும் பல்சக்கரமோ புதிய மாதிரி. "எவனோ ரிப்பேர்காரன் கண்டதை மாட்டியிருக்கான்" என்று அதைக் கழற்றி, தம்மிடம் இருந்த பழைய மாதிரிச் சக்கரத்தை மாட்டினார். கழற்றியது அந்த ஞாயிற்றுக்கிழமையே முத்தையாவுக்குப் போய்விட்டது.

நானும் மாஸ்டரும் சோழவந்தானுக்குப் பெட்டியைக் கொண்டுபோனோம். பேச்சியம்மாள் துணிச் சுருளைப் பிரித்து உருளையை எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் ஊசியை வைத்தார். கோழியின் கழுத்தைத் திருகியதுபோல ஒரு சத்தம், அப்புறம் ஒரே கீச்சல். அவர் பதறி ஊசியைத் தூக்கிவிட்டார்.

தவசி அக்காவின் முகத்தைப் பார்த்தான். "இதானாக்கா நம்ம அப்பா?"

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

மாஸ்டர் தம் வீட்டில் லென்சை வைத்து வெகுநேரம் பார்த்தார். சக்கரம் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கம்பெனி பூசிய கறுப்புச் சாயம் அப்படியே இருந்தது. கழற்றிய புதுச் சக்கரத்தின் வட்டம் மட்டும் அச்சாகப் பதிந்திருந்தது. வேறு சக்கரம் இருந்ததற்குத் துளி அடையாளம் இல்லை.

"மாப்ள, ரிப்பேர்காரனுமில்ல ஒருத்தனுமில்ல. கம்பெனியில பழைய பெட்டி மிச்சம் கெடந்திருக்கு, புதுச் சக்கரத்த மாட்டி அனுப்பிட்டான். ரெண்டும் ஒண்ணாவே பொறந்தது. நாந்தான் பிரிச்சுப்புட்டேன்" என்றார்.

புதுச் சக்கரம் ஊசியை மெதுவாக நகர்த்தும். அதில் பதிந்த கோடுகள் நெருக்கமானவை. பழைய சக்கரம் வேகமாக இழுத்ததில் ஊசி அந்தக் கோடுகளை உழுதுவிட்டது. இப்படிப் பழையதிலிருந்து புதியதற்கு மாறுகிற காலத்துப் பெட்டி ஒன்று கிடைக்காதா என்று எத்தனையோ வருஷம் ஏங்கியிருக்கிறோம். கிடைத்தே விட்டது. நியாயமாக நாங்கள் குதித்துக் கூத்தாடியிருக்க வேண்டும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாளே பரவைக்குப் போனோம். முத்தையா மசியவில்லை. "நானா கேட்டேன் மாஸ்டர்? நீங்களாத்தான குடுத்தீங்க? அதப் போட்ட பெறகுதான் எம்பெட்டியே வாயத் தொறந்திருக்கு. கழட்டினா மறுபடி ஊமைதான்."

மாஸ்டரிடம் பூப்போல விரிந்த நீலநிறக் குழாய் வைத்த பெட்டி ஒன்று இருந்தது. என்னையே தொடவிட மாட்டார். "அத எடுத்துக்கங்க. சக்கரத்தக் குடுங்க" என்றார்.

"என்னண்ணே, அம்புட்டுப் பெரிய பெட்டிய இந்தத் துக்கடாச் சக்கரத்துக்கா? கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று நான் கத்தினேன்.

"வெள்ளிக்கிழம ரயிலு மாப்ள" என்றார். முத்தையா உள்ளே போய்ச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை மறுபடி சோழவந்தான். மாஸ்டர் ஊசியைப் பேச்சியம்மாளையே வைக்கச் சொன்னார். முதலில் கரகரவென்று ஓடியது. ஊசி உழுத இடம் அது. அதைத் தாண்டியதும் ஒரு ஆண்குரல் தெளிவாக எழுந்தது. "கிட்ட வாத்தா பேச்சி. இந்தக் குழாய்க்குள்ள ஒம்பேரச் சொல்லு. என்னத்தா வெக்கம்? நான் இருக்கேன்ல." பிறகு ஒரு சிரிப்பு.

தவசி எழுந்து நின்றுவிட்டான். "அக்கா! இது நான்ல பேசுறேன்!"

"ஆமடா" என்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதார் அக்கா. "நீ வாயத் தொறந்தாலே எனக்கு அப்பாதாண்டா. சொன்னா எங்க நம்புன?"

நாங்கள் நான்கு பேரும் அழுதோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது? தன் அப்பா தன்னிடமே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பிள்ளை மறுநாள் ரயில் ஏறினான்.

அழிந்துபோன முதல் வார்த்தைகளை எண்ணி மாஸ்டர் கடைசிவரை வருந்தினார். அங்கே என்ன இருந்தது என்று ஒருமுறை பேச்சியம்மாளிடம் கேட்டேவிட்டார். "அப்பா மொதல்ல இருமுனாரு மாஸ்டர், அம்புட்டுத்தான்" என்றார் அந்த அம்மாள். நிஜமோ, இவர் மனம் ஆறச் சொன்னதோ, எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் கலப்பில்லாத பெட்டி என்ற பேச்சே எழவில்லை. "திருப்புளிய எடுக்கிறதுக்கு முந்தி வீட்டுக்காரங்ககிட்ட வாயத் தொறந்து கேளுங்கய்யா, இது என்ன பாடும்னு" என்று எல்லோரையும் விரட்டினார். அதன் பலனாகப் பொருந்தாத பாகங்களோடு வந்த பெட்டிகளை அப்படியப்படியே விட்டுவைத்தோம். எது முந்தி, எது பிந்தி என்பது அவற்றிலிருந்துதான் எங்களுக்குப் புரிய ஆரம்பித்தது. நாங்கள் கழற்றி எறிந்ததெல்லாம்தான் விடையாக இருந்திருக்கிறது. சண்டை முடிந்து தவசியும் நல்லபடியாகத் திரும்பினான். கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் பாயில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். மாஸ்டர் வரைந்த படங்களைப் பார்த்துப் பார்த்து, எங்களையே மடக்குகிற அளவுக்கு வந்துவிட்டான்.

பரவையிலிருந்து நானும் முத்தையாவும் போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் வீட்டு வாசலில் பாடை தயாராக இருந்தது. பேச்சியம்மாளும் தவசியும் எங்களுக்கு முன்னே வந்திருந்தார்கள். தவசி முன்பக்கம் தோள் கொடுத்தான். தூக்கியதும் ஒரு நொடி நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "பாத்துப் போங்க மாஸ்டர். நாங்க இருக்கோம்ல" என்றான்.

பேச்சியம்மாள் திடுக்கிட்டு என் கையைப் பிடித்தார். "அண்ணே, எங்கப்பாண்ணே" என்றார்.

மாஸ்டர் அண்ணே, அந்தக் குரலில் ஒரு எழுத்துகூட நீங்கள் அழிக்கவில்லை. நிம்மதியாகப் போய் வாருங்கள்.