கதவடியில் காத்திருக்கும் சப்பாத்து

பிள்ளைகளே, போன வருடம் கனடாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டபோது, கடையில் லீவு தரவில்லை என்றேன். அது பொய். உண்மையை இப்போது எழுதுகிறேன்.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. பனிச் சப்பாத்து வாங்க என் கால் அளவு கேட்டீர்கள். கொட்டாஞ்சேனை அறையில் ஒரு தாளில் காலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்து, பக்கத்தில் அடிமட்டத்தையும் வைத்துப் படம் அனுப்பினேன். போகுமுன் உடம்பையும் ஒருக்கால் பார்த்துவிடலாம் என்று அதே கிழமை வெள்ளவத்தையில் சோதனைக்கு இரத்தம் கொடுத்தேன்.

ரிப்போர்ட்டை டொக்டரிடம் காட்டாமல் நானே வாசித்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு கூடவாம், சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இரத்தம் சுத்திகரிக்கக் கிழமைக்கு மூன்று தரம் போய்வந்து படும் பாட்டைப் பார்த்தவன் நான். இரண்டு வேலை செய்து உங்களை வளர்க்கும் அம்மாவுக்கு முன்னால் நானும் ஒரு நோயாளியாகப் போய் இறங்குவதா? டிக்கெட்டை ரத்துச் செய்தேன்.

பிறகு உப்பில்லாச் சோறுதான். உடம்பு சோர்ந்தது, குரல் கரகரத்தது. முகம் ஊதியிருப்பதை நீங்கள் காணக் கூடாதென்று வீடியோவை நிறுத்திவிட்டுக் கதைத்தேன்.

"அப்பா, உங்கட சப்பாத்து கதவடியிலதான் இருக்கு. நான் ஒருத்தரையும் எடுக்க விடேல்லை" என்றான் சின்னவன். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

துணிக்கடையில் என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் அண்ணர், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், அவர்தான் என்னைப் பிடித்தார்.

"என்ன தம்பி, இந்த வெக்கையில ஃபேன நிப்பாட்டச் சொல்றீங்க? இது வெள்ளவத்தையா, குளிர் நுவரெலியாவா?"

கையோடு ஒரு டொக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். என்ன மருந்துக் குளிசை குடிக்கிறீர்கள் என்று அவர் கேட்க, ஒன்றும் இல்லை என்றேன்.

"முந்தி தைரொயிட்டுக்குக் குடிச்சனான். சுகம் வந்தோடன விட்டிட்டன்."

"சுகம் வந்ததே அந்தக் குளிசையாலதானே, ஐயா!"

என் பழைய ரிப்போர்ட்டையும் புதிதாக எடுத்த இரத்தச் சோதனையையும் பார்த்துவிட்டு, தைரொயிட் குறைந்தால் சிறுநீரகமும் மெதுவாகும், இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும் என்று விளங்கப்படுத்தினார். அந்தக் கிரியேட்டினினை வைத்துக் கணக்குப் போட்டதுதான் நான் பயந்த அந்த 'பாதி' என்ற இலக்கம். தைரொயிட்டைச் சரிசெய்து திரும்பப் பார்க்கும்வரை சிறுநீரகம் பழுதென்று முடிவுகட்டக் கூடாதாம்.

குளிசையைத் திரும்பத் தொடங்கினேன். சில மாதத்தில் கிரியேட்டினின் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் விசா முடிந்திருந்தது. திரும்ப விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறேன். சின்னவனுக்கு முன்பல் விழுந்து, முளைத்தும் விட்டது. நான் படத்தில்தான் பார்த்தேன்.

ஒருவரிடமும் கேட்காமல் நானே பயந்து, நானே முடிவெடுத்ததில், உங்களோடு இருந்திருக்க வேண்டிய ஒரு மாரிகாலம் போய்விட்டது.

நேற்று அந்தப் பழைய தாளை எடுத்துத் தரையில் விரித்துக் காலை வைத்தேன். அன்றைக்கே கால் வீங்கித்தான் இருந்திருக்கிறது. இப்போது இழுத்த கோடு பழைய கோட்டுக்குள் நின்றது. புது அளவை உங்களுக்கு அனுப்பவில்லை. அந்தச் சப்பாத்து காலில் தொளதொளக்காமல் இருக்க, உள்ளே போடத் தடித்த காலுறை, மேஸ், இரண்டு சோடி வாங்கி வந்து, பயணப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.