ஹெலன் உடைத்த எண்

ஹெலன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது கடம்பத்தூர் ஸ்டேஷனில். திருவள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தோணி, ரயிலை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, மேரிக்குப் பெண் பிறந்திருக்கிறது, ஹெலன் என்று பெயர் வைக்கப் போகிறோம் என்றான். மேரி என் சித்தி மகள். அந்தோணி அவளுக்குத் தம்பி. அந்த முறையில் ஹெலனுக்கு நான் பெரியம்மா.

எங்கள் அம்மாக்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். ஹெலன் காலேஜில் கணக்குப் படித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் உருப்படிகளை அளந்து பார்க்கும் வேலையில் சேர்ந்தாள். அப்பா இறந்துவிட்டார், அண்ணன் ஸ்டீவன் துபாய்க்குப் போய்விட்டான். அம்மாவும் மகளும் அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு, ஒன்றும் கூடிவரவில்லை.

வேலை விட்டு வந்தால் கம்ப்யூட்டர் முன்தான். ஒரு எண் வைத்திருந்தாள். எழுதினால் மூன்று வரி வரும். அது பகு எண், வேறு எண்களைப் பெருக்கி வந்தது என்று கணக்கு போட்டுச் சொல்லிவிடலாமாம். எந்த எண்களைப் பெருக்கி என்றுதான் தெரியாதாம். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பிள்ளையைப் பார்த்தால் ரெண்டு பேருக்குப் பிறந்தது என்று தெரியும். அந்த ரெண்டு பேர் யார் என்று தேட வேண்டும். அதைத்தான் எண்ணை உடைப்பது என்பாள். போன மழைக்காலத்தில் நடுவில் கரண்ட் போய், சேர்த்ததெல்லாம் கெட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"நம்பரக் கட்டிக்கினு குடும்பம் பண்றா" என்று அந்தோணி பெண்சாதி சின்னப்பொண்ணு கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். மேரி ஒருத்திதான் தினமும் சோறு போடும்போது, உடைந்ததா என்று மகளைக் கேட்பாள்.

தவக்காலத்தில் ஒரு காலை மேரி போய்விட்டாள். ஸ்டீவன் மறுநாள்தான் வருவான். அந்தோணி உடலை வைக்க ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். ஐஸ் பெட்டியையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து அந்த வீட்டு வயரிங் தாங்காது. கம்ப்யூட்டரில் கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தப் புடுங்கு ஹெலன், பொட்டிய சொருவணும்."

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் மாமா. அதுவரைக்கும் ஐஸ் பாளம் வெச்சுக்கலாம்."

"இன்னா முடியும்?"

"அம்மா தெனம் கேட்டுக்கினு இருந்துச்சே, அது."

அவளே போய் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் ஏற்றிக்கொண்டு வந்து, மரத்தூள் போட்டு, மேரியைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்கு அடியிலும் அவளுக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். அது உருகி வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. அழ வந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அந்தோணி கத்தவில்லை. "எங்கக்காவ மீனு மாதிரி ஐஸ்ல போட்டுட்ட. இனிமே உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் போய் உட்கார்ந்தான்.

வெயில் தாழும்போது கணக்கு முடிந்து கம்ப்யூட்டர் நின்றது. ஹெலன் திரையில் வந்ததைப் படித்தாள். அணைத்தாள். பிளக்கைத் தானே பிடுங்கி, பெட்டியின் பிளக்கைச் சொருகினாள். நான்தான் கிட்டே போய், என்ன கிடைத்தது என்றேன்.

"ரெண்டு நம்பர் பெரிம்மா. பெருக்கினா அது வருது. இந்த ரெண்டும் இனிமே ஒடயாது."

சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் வந்தது. அதைச் சின்னப்பொண்ணு பார்த்துவிட்டாள். அம்மா செத்த வீட்டில் மகள் சிரித்தாள் என்று அடக்கம் முடிவதற்குள் கடம்பத்தூர் வரை பேச்சு போய்விட்டது.

ஸ்டீவன் வந்தான், மண் போட்டான், தங்கையிடம் பேசாமல் திரும்பிப் போனான். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு உபதேசியாரும் நானும்தான் போயிருந்தோம். அவள் ஆக்கி வைத்த சோறு குண்டானோடு அப்படியே இருந்தது. முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர் ஒருவர் அந்த எண்ணுக்காகப் பாராட்டி எழுதியிருந்ததைப் போனில் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அவள் பெயர் இல்லை.

கும்மிடிப்பூண்டி வேலையை விட்டு, வீட்டையும் காலி செய்துவிட்டாள். இப்போது ஹெலன் மீஞ்சூரில் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள், கம்பெனி பஸ்ஸில் காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போய் வருகிறாள்.