அம்மா கொடுத்துவிட்ட படம்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அச்சகத்தாரின் பிழை அன்று. யுத்த காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் இவ்வளவு அச்சிட்டுக் கொடுத்ததே அவர்கள் செய்த பெரிய உதவி. அந்தக் கட்டத்தில் எங்கள் அம்மாவின் படம் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்கு அம்மாவேதான் காரணம். தம் வாழ்நாளில் எடுத்துக்கொண்ட ஒரே ஒரு போட்டோவையும் அவர் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. வருஷத் திதிக்கு வந்திருக்கும் நீங்கள், பெற்ற தாயைப் பற்றி ஒரு மகன் இப்படியா எழுதுவான் என்று நினைக்கலாம். ஆனால் உங்களில் பலருடைய வீட்டில் எங்கள் வீட்டுப் பொருள் ஏதாவது ஒன்று இருக்கிறது. ஆகையால் என் ஆதங்கம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா பிறந்தது அத்திபெலேயில். அவருடைய தந்தையார் புளி வியாபாரி. அந்த வீட்டில் கடை வேறு, குடித்தனம் வேறு என்ற பேதமே கிடையாதாம். கூடத்தில் புளி மூட்டை, உள்ளறையில் மிளகாய் மூட்டை, சமையலறை வாசலில் என்றைக்காவது உதவும் என்று சேர்த்து வைத்த உடைந்த தராசும் ஓட்டைப் படியும். பெண் குழந்தைகள் மூட்டைகளின் இடுக்கில் முடங்கித்தான் படுப்பார்கள். "கல்யாணம் ஆகி வந்தப்புறந்தான் நான் கால நீட்டிப் படுத்தேன்" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

பன்னிரண்டாம் வயதில் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு அல்சூருக்கு வந்தார். அப்பா கண்டோன்மென்டில் ராணுவக் கிடங்கு ஒன்றில் குமாஸ்தா. இரண்டே அறை உள்ள வாடகை வீடு. அம்மா ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். மூன்று குழந்தைகள் பேச்சு வருவதற்கு முன்பே போய்விட்டன. அக்காவும் நானுமே தங்கினோம். ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் பரவிய வருஷத்தில் அம்மா ஒரு பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, தெருவில் எழுந்து நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். தைரியசாலி. சோம்பல் என்பதே அறியாதவர். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

ஆனால் அவரோடு குடித்தனம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வருஷம் கை படாத பொருள் நம்முடையது அன்று என்பது அம்மாவின் சட்டம். போகிக்குப் பழையதைக் கொளுத்துவது எல்லோருக்கும் வழக்கம். அம்மா ஒரு துரும்பைக்கூடக் கொளுத்த விடமாட்டார். அதற்கு முந்தின வாரமே வீட்டைக் குடைந்து, எது யாருக்கு என்று தீர்மானித்துவிடுவார். துவைத்து, பொத்தான் தைத்து, பித்தளையானால் பளபளவென்று தேய்த்துத்தான் கொடுப்பார். கிழிந்ததைப் பிறருக்குக் கொடுத்து அவர் அறியார். கிழிந்தது எங்களுக்கு.

அந்த வாரம் வந்தாலே நான் என் சாமான்களை எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஒரு தடவை என் பூப்பந்து மட்டையைக் காப்பாற்றுவதற்காகப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்தேன். பண்டிகை முடிந்து கேட்கப் போனால், அந்த வீட்டு மாமி என்னை விழித்துப் பார்த்தார். "என்னப்பா, உங்கம்மாதான் வந்து 'இங்க இருக்குதா, சரி, உங்க புள்ளையே ஆடட்டும்'னு சொல்லிட்டுப் போனாங்களே" என்றார்.

அப்பாவின் கதை இன்னும் மோசம். ஒரு நாள் அவர் கிடங்குக்குள் நுழைந்தபோது பியூன் ஒருவர் எழுந்து நின்று சலாம் வைத்தாராம். அவர் போட்டிருந்தது அப்பாவின் கறுப்புக் கோட்டு. இடது கைப்பக்கம் மை கொட்டின கறைகூட அப்படியே இருந்ததாம். அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் கோட்டு எனக்கே சலாம் வெக்குதுடி!" என்று கத்தினார்.

"பாவம், குளிருதுன்னாரு. உங்களுக்குத்தான் இன்னொண்ணு இருக்குதே."

"அது கிழிஞ்சிருக்குது!"

"கழட்டிக் குடுங்க, தெச்சுத் தரேன்" என்றார் அம்மா.

நான் மெட்ரிகுலேஷன் எழுதிய வருஷம், பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது என் அல்ஜீப்ரா புத்தகம் காணாமற்போனது. எதிர் வீட்டுப் பையனுக்குப் போய்விட்டது. ஏன் கொடுத்தீர்கள் என்று குதித்தேன். "நீதானே நேத்து எல்லாம் படிச்சாச்சுன்னு சொன்ன?" என்றார் அம்மா. அந்தப் பையனோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படித்துத்தான் நான் தேறினேன். என் மனைவி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவோ, யாரோ ஒரு ஏழைப் பெண்ணின் கல்யாணச் சீர்வரிசையில் போய்ச் சேர்ந்தது. அந்தக் கல்யாணத்துக்கு என் மாமனாரும் வந்திருந்தார். அண்டாவின் கழுத்தில் தம் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்த அவர் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். அவரைச் சமாதானம் செய்ய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய வீட்டைக் கட்டினார். அல்சூரிலிருந்து சாமான் ஏற்ற மூன்று மாட்டு வண்டி பேசினார். கல்யாணமாகிப் போயிருந்த அக்காவும் ஒத்தாசைக்கு வந்திருந்தார். அம்மா விடியற்காலையிலிருந்து வாசலில் நின்று சாமான்களைப் பங்கிட்டார். கடைசியில் ஒரே வண்டிதான் நிரம்பியது. மற்ற இரண்டும் காலியாகவே பின்னால் வந்தன. பேசின வாடகையை மூன்றுக்கும் கொடுத்த அப்பா புது வீட்டு வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மல்லேஸ்வரத்தில் அம்மா வாயில் அதிகம் வந்த கன்னட வார்த்தை 'தகோளி'. எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அப்படிப் போன சாமான்களோடு சாமானாகத்தான் அந்தப் போட்டோவும் போயிருக்கிறது. அது எனக்கு ஐந்து வயதில் எடுத்தது. போட்டோக்காரர் வீட்டுக்கே வந்து முற்றத்தில் மூன்று கால் பெட்டியை நிறுத்தியதும், என் கழுத்துப் பட்டன் இறுக்கியதும் நினைவிருக்கிறது. படம் உறையில் வந்தது. அப்பா அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டினார். எங்கள் கண்ணில் காட்டவே இல்லை. பெரியவனான பிறகு அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதா? குடுத்துட்டேன்."

"யாருக்கும்மா?"

"வேணுங்கறவங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டார். கொடுத்ததைப் பற்றிக் கேட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

கடைசி நாட்களில் அம்மா நெஞ்சுச் சளியால் மிகவும் சிரமப்பட்டார். மூச்சு வாங்கும்போதும் கண் அலமாரிகளையே சுற்றும். டாக்டர் போர்த்திக்கொள்ளச் சொன்ன கம்பளி, மறுநாள் பால்காரியின் தோளில் இருந்தது. நான் கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். அம்மாவோ, "கத்தாதடா, கொழந்த முழிச்சுக்கும்" என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்காவும் நானும் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். ஆளுக்கு ஒன்றாக ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ள நினைத்தோம். உள்ளே ஒரே ஒரு நூல் புடவை இருந்தது. அதிலும் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி, பூக்காரியின் பெயரை யாரிடமோ எழுதி வாங்கி வைத்திருந்தார். "நமக்குன்னு ஒண்ணுமே வெக்கலியேடா" என்று அக்கா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

என் சின்ன மகளுக்கு மூன்று வயது. அம்மாவின் இடுப்பைவிட்டு இறங்காதவள். சில மாதத்துக்கு முன் அவளிடம், பாட்டி எப்படி இருப்பாங்க என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளைக் காட்டினாள். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். குனிந்து பெருக்குவதும், எதையோ மூட்டை கட்டுவதும், வாசலை நோக்கி நடப்பதும் வந்தன. முகம் நிலையாக வரவில்லை. எப்படியாவது அந்தப் போட்டோவைத் தேடிப்பிடித்து இந்த மலரில் போட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

முதலில் அந்தப் போட்டோக்காரரின் ஸ்டூடியோவைத் தேடினேன். அவர் காலமாகிவிட்டார். கடையை ஒழித்தபோது பழைய கண்ணாடித் தகடுகளை எல்லாம் சுரண்டிக் கழுவி ஜன்னலுக்கு விற்றுவிட்டதாக அவர் மருமகன் சொன்னார். எங்கள் குடும்பம் யார் வீட்டு ஜன்னலிலோ தெளிவாகத் துடைக்கப்பட்டு இருக்கிறது. பிறகுதான் அக்காவுக்கு ஒரு விஷயம் நினைவு வந்தது. வீடு மாற்றிய அன்று, பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த ரோசம்மாளின் கையில் அம்மா அந்த உறையை வைத்து அழுத்தியதைப் பார்த்தாராம். அட்டை கெட்டியாக இருக்கிறது, விசிறிக்கு ஆகும் என்று கொடுத்திருப்பார் என நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி புறப்பட்டேன்.

ரோசம்மாள் இப்போது மர்பி டவுனில் மகன் வீட்டில் இருக்கிறார். வயது எழுபதுக்குக் குறையாது. நான் யார் என்று சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"இருக்குது தம்பி, எங்க போவும்?" என்று உள்ளே போய், மாதா படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார்.

அப்பா விறைப்பாக நிற்கிறார். அக்கா இருக்கிறார். கழுத்து இறுகி முழிக்கும் நான் இருக்கிறேன். நடுவில் நாற்காலியில் அம்மாவின் புடவை, அம்மாவின் கைகள். அந்தக் கைகளுக்குள் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று நேராகப் பார்த்துச் சிரிக்கிறது. அதன் பல்லைக்கூட எண்ணலாம். அம்மாவின் கழுத்துக்கு மேலே, சிலேட்டை ஈரத்துணியால் துடைத்தது போல ஒரு வெள்ளைக் கறை மட்டும் இருந்தது.

"அது எம் புள்ள தம்பி, பிலோமினா" என்றார் ரோசம்மாள். "அம்மாதான் தூக்கி மடியில வெச்சுனாங்க. போட்டோக்காரரு ஆடாதீங்க ஆடாதீங்கன்னு கத்துறாரு. நான் அந்தாண்ட நிக்கறதப் பாத்துட்டு இது எறங்கி ஓடப் பாத்துச்சு. அம்மா குனிஞ்சு அத்த அசையாம புடிச்சுனாங்க. அதான் அவங்க மூஞ்சி கலைஞ்சு போச்சு. ஐயாவுக்கு ஒரே கோவம்."

அந்தக் குழந்தை அடுத்த வருஷம் விஷக்காய்ச்சலில் போய்விட்டதாம். எனக்கு அது தெரியவே தெரியாது.

"வூடு மாத்திப் போற அன்னிக்கு அம்மா இதக் குடுத்தாங்க. வாணாம்மா, உங்க குடும்பப் படம்னேன். 'எனக்கு மூணு போச்சு ரோசா. ஒண்ணு மூஞ்சி கூட ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. உனக்காவது இருக்கட்டும்'னாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். படத்தை மறுபடி துணியில் சுற்றி என் பக்கம் நீட்டினார். "அம்மாவே போயிட்டாங்க. நீங்க எடுத்துனு போங்க தம்பி. அவங்க படம்."

நான் அதை வாங்கவில்லை.

அம்மாவின் நோய்க் காலத்தில் மழையென்றும் பாராமல் வந்து பார்த்த டாக்டருக்கும், இராப் பகலாக மாறி மாறித் துணையிருந்த மல்லேஸ்வரம் அண்டை வீட்டாருக்கும், பாடை தூக்கத் தோள் கொடுத்தவர்களுக்கும், அத்திபெலேயிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த தாய்வழி உறவினர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் உலை வைத்த பெண்மணிகளுக்கும் அக்காவும் நானும் என் மனைவியும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் குடும்பத்தின் படத்தைச் சுவாமி படத்தோடு வைத்துக் காப்பாற்றிய ரோசம்மாள் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அம்மா யாருக்கு எதைக் கொடுத்தார் என்று இனி நான் கேட்கப்போவதில்லை. அந்தப் படத்தைக் கொடுத்தது சரி. நூறு தடவை சரி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அம்மா, அந்த ஒரு நிமிஷம் நீங்கள் ஆடாமல் உட்கார்ந்திருக்கக் கூடாதா?