பாதியில் நிறுத்திய டாக்டர்

என் தம்பி இசக்கிதுரை இறந்து இன்னும் பதினாறு முடியவில்லை. அதற்குள் "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, அவன் விதி" என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். செய்யக் கூடாததைச் செய்தோம். அதை யாரும் சொல்வதில்லை.

அவன் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். சீசனில் "மெயின் அருவி, அஞ்சருவி" என்று அவன் கூப்பிட்டால் பக்கத்து டிரைவர்கள் காதைப் பொத்துவார்கள். வலி வந்தாலும் அதே குரல்தான். காலில் முள் தைத்தால் மேலகரத்தில் எங்கள் தெருவே எட்டிப் பார்க்கும். "ஆரம்பிச்சுட்டான் நாடகக்காரன்" என்பார் கைலாசம் மாமா.

பழைய காசநோயால் அவனுடைய ஒரு பக்க நுரையீரலைச் சுற்றித் தடித்த உறை படிந்திருந்தது. அங்கே நீர் கோத்தது. முதலில் நீரை எடுத்தவர் டாக்டர் ஜெஸி. ஊசியோடு அழுத்தம் பார்க்கும் கருவியை இணைத்து, கொஞ்சம் எடுப்பதும் நிறுத்திப் பார்ப்பதுமாக இருந்தார்.

"உள்ள இழுக்குற மாதிரி இருந்தா உடனே கத்தணும், அண்ணாச்சி."

"அது ஒண்ணுதான் டாக்டரம்மா எனக்கு ஒழுங்கா வரும்."

பாட்டில் பாதி நிறைவதற்குள் அழுத்தம் சரசரவென்று இறங்கியது. அவனும் கத்தினான். டாக்டர் ஊசியை எடுத்துவிட்டார். காலியான ஜூஸ் டப்பாவை உறிஞ்சினால் அது ஒடுங்கும் அல்லவா, அதுபோல, நுரையீரல் விரியாதபோது நீரை மட்டும் எடுத்தால் உள்ளே இழுக்கும், ஆபத்து என்றார். மீதியை எடுக்க வேண்டாம், திருநெல்வேலியில் ஆபரேஷனுக்குக் காட்டுங்கள் என்று எழுதியும் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பாட்டில் எடுத்தாங்க?" அரைப் பாட்டில் என்று சொல்ல மாமாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"பாதித் தண்ணிய உள்ளயே விட்டுட்டு அனுப்புதா. இவளுக்குத் தொழில் தெரியல. ஒரே தடவைல சுத்தமா எடுக்கிற இடம் எனக்குத் தெரியும்."

தம்பிக்கு மறுபடி மூச்சு வாங்கியதும் மாமா அவனை அங்கேதான் கொண்டுபோனார். அழுத்தம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லம்மா" என்றார் அந்த டாக்டர். முதல் பாட்டில் நிறைந்து இரண்டாவதை மாட்டினார்கள்.

"யக்கா, இழுக்குது! நிறுத்தச் சொல்லு!"

"நிறுத்துங்க டாக்டர்" என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துத் தள்ளினார். "நீ சும்மா கெட, ஏட்டி. அவன் முள்ளு குத்துனாலே ஊரக் கூட்டுதவன். ஏலே, பல்லக் கடிச்சிக்கிட்டு இரு. இன்னும் கொஞ்சந்தான்."

டாக்டரும் சிரித்தார். இருமல் தொடங்கிய பிறகும் எடுத்தார்கள். சாயங்காலம் அவன் வாயில் நுரை தள்ளியது. ஒடுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று இழுபட்டதில் அதற்குள்ளேயே நீர் கோத்துவிட்டது என்றார்கள். திருநெல்வேலிக்குப் போகும் வழியில், ஆலங்குளம் தாண்டியதும் அவன் சத்தம் அடங்கிவிட்டது.

இன்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமா செல்போனை நீட்டினார். நிரம்பிய இரண்டு பாட்டில்களின் படம்.

"ஒரு சொட்டு பாக்கி வைக்கல, பாத்துக்கிடுங்க."

போனைப் பிடுங்கி அந்தப் படத்தை அழித்தேன். "அவன் கத்துனானே மாமா, அதச் சொல்லுங்க இவங்ககிட்ட" என்றேன். அவர் எழுந்து போய்ப் பந்தல்காரனைச் சத்தம் போட்டார்.